நின்ற லாரியில் மோதிய பூ வண்டி: பொறுப்பு யாருக்கு எவ்வளவு?

திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மல்லிகையும் பிச்சியும் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி யானை வண்டி அதிகாலை மூன்று மணி வாக்கில் கிளம்பியது. கப்பலூரில் ரிங் ரோட்டைப் பிடித்து மண்டேலா நகர், சிந்தாமணி, விரகனூர் வழியாக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். தை மாத முகூர்த்த நேரம். பனிக்கு மல்லி வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும். முந்தி இறங்குகிற கூடைக்குத்தான் நல்ல ரேட்டு. வண்டியில் இரண்டே பேர். ஓட்டியவருக்கு 29 வயது, சம்பளத்துக்கு ஓட்டுகிறவர். பக்கத்து சீட்டில் பூவுக்குச் சொந்தக்காரரான 42 வயது விவசாயி. சிந்தாமணி தாண்டியதும் இடது தடத்தில் நின்றிருந்த எம்-சாண்ட் டிப்பரின் பின்னால் வண்டி போய்ச் செருகிக்கொண்டது. விவசாயி அந்த இடத்திலேயே இறந்தார். டிரைவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. 108-இல் ஏற்றி அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரே வழக்கின் வரலாறு அல்ல. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் திரும்பத் திரும்ப வரும் இவ்வகை வழக்குகளின் கூறுகளைச் சேர்த்து, ஆள் அடையாளம் இல்லாமல் எழுதியிருக்கிறேன். ஆட்களும் தொகைகளும் அப்படி அமைந்தவை. சட்டப் பிரிவுகளும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் உள்ளது உள்ளபடி.

ஊரில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "நிக்கிற வண்டியில போய் மோதிட்டு லாரிக்காரனை எப்படிக் குத்தம் சொல்றது?" கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் இதை ஒரே கேள்வியாகப் பார்ப்பதில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு யார் கொடுக்க வேண்டும், அடிபட்ட டிரைவருக்கு யார் கொடுக்க வேண்டும், நொறுங்கிய லாரிக்கு யார் கொடுக்க வேண்டும் என்று மூன்று தனிக் கணக்குகள் இருக்கின்றன. மூன்றுக்கும் விடை வேறு வேறு.

முதலில் ஸ்டேஷனுக்குப் போனவர்

பூ வண்டி டிரைவர் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நேரத்தில், காயம் படாத டிப்பர் டிரைவர் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். லாரி பழுதாகி ஓரமாக நிறுத்தியிருந்ததாகவும், பின்னால் வந்த வண்டி "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" வந்து மோதியதாகவும் எஃப்ஐஆர் பதிவானது. நம் ஊர் விபத்து எஃப்ஐஆர்களில் இந்த இரண்டு சொல்லும் அச்சடித்தது போல வரும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 281 (கண்மூடித்தனமாக ஓட்டுதல்), 106(1) (அலட்சியத்தால் மரணம்). எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், பூ வண்டி டிரைவர்.

இதில் இறந்தவர் வீட்டாரின் கோபமும் சேர்ந்துகொண்டது. டிரைவர் அதே ஊர்க்காரர், இறந்தவரை மாமா என்று கூப்பிட்டுப் பழகியவர். ஆனாலும் "அவன் தூங்கிட்டான், அதான் இவ்வளவும்" என்று மச்சினன் விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட்டார். யாரும் பார்த்த விஷயமல்ல அது. துக்கத்தில் வந்த வார்த்தை. ஆனால் டிப்பரின் காப்பீட்டு நிறுவனத்துக்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. துட்டி வீட்டில் சொன்னது, பிறகு குறுக்கு விசாரணையில் அந்தக் குடும்பத்துக்கு எதிராகவே வாசிக்கப்பட்டது.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் விபத்து அறிக்கையை, இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள். முதல் அறிக்கையில் எழுதப்பட்ட சாய்வு பின்னால் வரும் தாள்களிலெல்லாம் அப்படியே தொடரும். ஆஸ்பத்திரியில் கிடப்பவர் சார்பில் ஒருவராவது அந்த 48 மணி நேரத்துக்குள் இடத்தைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. இந்த வழக்கில் யாரும் போகவில்லை. காப்பாற்றியது ஒரு பால் வண்டிக்காரரின் செல்போன். உதவிக்கு இறங்கியவர், லாரியை நகர்த்துவதற்கு முன் நாலைந்து படம் எடுத்து வைத்திருந்தார்.

படத்தில் இருந்தது

டிப்பரின் இரண்டு சக்கரங்கள் மண் ஓரத்தில். மீதி உடம்பு முழுக்கத் தார்ச் சாலையில். பின்னால் ஏழெட்டு அடி தள்ளி ஒரு வேப்பங்கொப்பு, அதற்கு அண்டைக் கொடுத்து இரண்டு கல். அவ்வளவுதான் எச்சரிக்கை. பின்பக்கத்து ஒளிரும் பட்டையின் மேல் ஈர எம்-சாண்ட் வடிந்து காய்ந்து, சுவருக்குச் சிமெண்டு பூசியது போல ஒட்டியிருந்தது. வால் விளக்கிலும் அதே பூச்சு. ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படத்திலேயே சிவப்பு என்று சொல்ல ஒரு விரல் அகலம்தான் தெரிந்தது.

டிப்பர் டிரைவரைக் கூண்டில் ஏற்றியபோது லாரி நின்ற நேரம் வெளியே வந்தது. ஆக்சில் கட்டானது முந்தின நாள் இரவு பதினொரு மணிக்கு. விபத்து நடந்தது ஏறத்தாழ மூன்றே முக்காலுக்கு. மெக்கானிக் காலையில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாராம்.

"பார்க்கிங் லைட் போட்டிருந்தீர்களா?"

"போட்டிருந்தேங்கய்யா. பேட்டரி இறங்கிரும்னு அணைச்சேன்."

"எப்போது?"

"படுக்கப் போறப்ப."

"சிவப்பு முக்கோணம் வண்டியில் இருந்ததா?"

"இருந்துச்சு. டூல்ஸ் பெட்டிக்குள்ள."

மோட்டார் வாகன ஆய்வாளர் (எம்விஐ) வண்டியைச் சோதித்தபோதும் அந்த முக்கோணம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்கும்போது காட்டுவதற்கென்றே வாங்கி வைக்கிற பொருள்.

டிப்பர் தரப்பு வழக்கறிஞரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆக்சில் உடைந்த பாரவண்டியைத் தள்ளி ஓரங்கட்ட முடியாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு வண்டியை எந்த இடத்தில் விட்டாய் என்று மட்டும் கேட்கவில்லை; எந்த நிலையில், எந்தச் சூழலில் விட்டாய் என்றும் கேட்கிறது. நின்றது விதி என்றே வைத்துக்கொள்வோம். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தது அவர் செய்த காரியம்.

பால் வண்டிக்காரரின் படங்களைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4)-இன்படி மின்னணுப் பதிவுக்குத் தர வேண்டிய சான்றிதழும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அது இல்லாமல் நல்ல படம் எத்தனையோ வழக்குக் கட்டுக்குள்ளேயே தூங்கியிருக்கிறது.

பிரேக் தடம் இல்லை

போலீஸ் விபத்து இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் பிரேக் பிடித்த தடம் எதுவும் காட்டப்படவில்லை. வழக்கு முழுவதும் இதைச் சுற்றியே நடந்தது. டிப்பர் தரப்பு சொன்னது: பிரேக்கே பிடிக்கவில்லை, ஆகவே தூங்கிவிட்டார். டிரைவர் தரப்பு சொன்னது: பிரேக்கே பிடிக்கவில்லை, ஆகவே கடைசி வரை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. "எதிர்ச் சாரியில வந்த பஸ்ஸு ஹைபீம்ல வந்துச்சு. அது கடந்ததும் இருட்டு. வண்டிய அங்கிட்டு ஒடிக்கலாம்னு நினைக்கையிலேயே முடிஞ்சுபோச்சு" என்பது அவர் சாட்சியம். ஒரே தடயமின்மைக்கு இரண்டு வாசிப்பு.

இடையில் இன்னொரு சாட்சி வந்தது. வண்டிக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனி பொருத்தியிருந்த ஜிபிஎஸ் கருவி, மோதலுக்குச் சற்று முன் வேகம் மணிக்கு 74 கிலோமீட்டர் என்று காட்டியது. சிந்தாமணியில் வேகம் குறைந்து மறுபடி ஏறியிருந்தது. தூங்குகிறவர் ஊருக்குள் வேகத்தைக் குறைத்து ஊர் தாண்டியதும் கூட்டமாட்டார். ஆகத் தூக்கக் கதை அடிபட்டுப் போனது. ஆனால் அதே தாள் டிரைவரின் பங்கையும் எழுதிவிட்டது.

கணக்கு இப்படி. 74 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல். கண் பார்த்துக் கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி வைத்தால் அதற்கே 31 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க இன்னும் 35 முதல் 40 மீட்டர். மொத்தம் 70 மீட்டருக்குப் பக்கம். டிம் வெளிச்சத்தில் மண் படிந்த கருத்த பொருள் 40, 50 மீட்டருக்குள் வந்தால்தான் உருவம் தெரியும். இதே வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் 40 மீட்டருக்குள் நின்றிருக்கும். வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் இரவுக்கான வேகம் என்ற இடத்தில் தீர்ப்பாயம் டிரைவரைப் பிடித்தது. டிப்பர் விளக்கோ முக்கோணமோ வைத்திருந்தால் 100 மீட்டருக்கு முன்பே தெரிந்திருக்கும், 74-இலும் விலகியிருக்கலாம் என்ற இடத்தில் டிப்பரைப் பிடித்தது. முடிவு: டிப்பர் 60 சதவீதம், பூ வண்டி 40 சதவீதம்.

எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், சாலை நடுவே விளக்கில்லாமல் நின்ற கேஸ் டேங்கரில் ஒரு மாருதி வேன் மோதியிருந்தது. எதிர் வண்டிகளின் வெளிச்சத்தில் டேங்கர் தெரியவில்லை என்பது அங்கேயும் சாட்சியம். தீர்ப்பாயம் டேங்கரே முழுப் பொறுப்பு என்றது. உயர் நீதிமன்றம் பாதிக்குப் பாதி என்று மாற்றியது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து தீர்ப்பாயத்தின் முடிவையே நிலைநிறுத்தியது. பின்னால் இடித்தவர் என்பதற்காகவே ஆளுக்குப் பாதி போடும் வழக்கத்துக்கு அது ஒரு கொட்டு. 2013-இலும் அந்த நீதிமன்றம், வண்டிகள் கிடந்த நிலையை மகஜரில் பார்த்து மட்டும் ஒருவர் மீது பங்கு அலட்சியத்தை (விபத்தில் அவருக்கும் ஒரு பங்கு தவறு உண்டு என்பதை) ஏற்றிவிட முடியாது, சாட்சியம் வேண்டும் என்று சொன்னது. நம் வழக்கில் ஜிபிஎஸ் தாள் என்ற சாட்சியம் இருந்தது. அதனால் பங்கு பிரித்தது தவறில்லை. 40 என்பதுதான் கூடுதல். நானாக இருந்தால் 25-க்கு மேல் போயிருக்கமாட்டேன்.

இறந்தவரின் குடும்பம்

இந்தச் சதவீதச் சண்டை விவசாயியின் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் ஆகிய நால்வருக்கும் பெரிதாகப் பொருட்டில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. இரண்டு பேர் தவறால் மூன்றாமவர் இறந்தால் அது கூட்டு அலட்சியம். முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் வசூலிக்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நெடுஞ்சாலை நடுவே விட்டுப்போன டிரெய்லரில் கார் மோதிய வழக்கில், டிரைவரின் தவறைப் பயணிகள் கணக்கில் கழிக்கக் கூடாது என்று 2024-இல் மறுபடி சொன்னது. "சீக்கிரம் போப்பான்னு இறந்தவர்தான் அவசரப்படுத்தினாராமே" என்று டிப்பர் தரப்பு கேட்டுப் பார்த்தது. எடுபடவில்லை.

உண்மையான தடைகள் பூ வண்டியின் காப்பீட்டிலிருந்து வந்தன. முதலாவது, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிலை இதுதான்: சரக்கு வண்டியில் இலவசமாக ஏறி வருகிறவருக்குக் கட்டாயக் காப்பீடு பொறுப்பேற்காது. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ ஏறியிருந்தால் பொறுப்பேற்கும். அதுவும் கேபினில் உட்கார்ந்திருக்க வேண்டும். இவர் கேபினில்தான் இருந்தார். ஆர்.சி.யில் டிரைவரோடு இரண்டு பேருக்கு இடம். பூ அவருடையது என்பதற்கு மார்க்கெட் கமிஷன் கடையின் பழைய சீட்டுகளும் தோட்டத்துச் சிட்டா அடங்கலும் காட்டப்பட்டன. பின்னால் கூடை மேல் ஒருவர் உட்கார்ந்து வந்து இறந்திருந்தால், அந்தக் குடும்பம் பட்டிருக்கும் பாடு வேறு. அதிகாலையில் மாட்டுத்தாவணிக்கு வரும் வண்டிகளைப் பார்த்தால் கூடை மேல் எத்தனை தலை என்று தெரியும்.

இரண்டாவது, லைசென்ஸ். டிரைவரிடம் இருந்தது இலகு ரக வாகன உரிமம்தான், டிரான்ஸ்போர்ட் என்ற மேலெழுத்து இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை இலகு ரக உரிமத்தில் ஓட்டலாம் என்று முடித்துவைத்தது. அந்த ஆட்சேபம் அதோடு போயிற்று.

தொகை: மாத வருமானம் 16,000 என்று எடுத்து, 42 வயது சுயதொழில்காரர் என்பதால் வருங்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்து 20,000. நான்கு பேர் சார்ந்திருப்பதால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்து 15,000. வருடத்துக்கு 1,80,000, அதை எத்தனை வருடத்தால் பெருக்குவது என்பதற்கு அந்த வயதுக்குரிய எண் 14, ஆக 25,20,000. உறவிழப்புக்கு நால்வருக்கும் தலா 48,400, ஈமச்சடங்குக்கும் சொத்திழப்புக்கும் தலா 18,150. மொத்தம் 27,49,900 ரூபாய், வட்டி தனி. இதில் 16,49,940 டிப்பரின் காப்பீட்டு நிறுவனம், 10,99,960 பூ வண்டியின் காப்பீட்டு நிறுவனம்.

ஓட்டியவரின் கணக்கு

இங்கேதான் 40 சதவீதம் வலிக்கிறது. டிரைவரின் காயத்துக்குத் தீர்ப்பாயம் 6,00,000 மதிப்பிட்டது. அவர் பங்கு 2,40,000 கழிந்து, டிப்பரின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து 3,60,000 மட்டும்.

அவருக்கு வேறொரு வழியும் திறந்திருந்தது. சம்பளத்துக்கு ஓட்டியவர் என்பதால் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ், தன் வண்டி முதலாளியையும் அவருடைய காப்பீட்டையும் கேட்டிருக்கலாம். அங்கே உன் தவறு எத்தனை சதவீதம் என்று கழிக்கமாட்டார்கள். ஆனால் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு மாதம் 15,000 என்று உச்சவரம்பு இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-வது பிரிவுப்படி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். "அண்ணே, முதலாளி மேல கேஸ் போட்டா நாளைக்கு யாரு வண்டி தருவா?" என்று கேட்டார். முதலாளி கையிலிருந்து ஒரு பைசா போகாது, பாலிசிதான் கொடுக்கும் என்று சொல்லியும் மனது ஒப்பவில்லை. இப்படி வேலை பயத்தில் கைவிடப்படுகிற உரிமைகள் நிறைய.

லாரிக்குப் பதில் அது புளியமரமாக இருந்திருந்தால், அவருக்கு அந்தத் தொழிலாளர் சட்டம் ஒன்றுதான் துணையாக இருந்திருக்கும். தன் தவறால் தானே அடிபட்டவர், இழப்பீடு கேட்க வழி செய்யும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் யாரையும் கேட்க முடியாது. 2025-இலும் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. சொந்த வண்டியைத் தானே ஓட்டியவராக இருந்தால் பாலிசியிலுள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. முன்பு டூவீலருக்கு ஒரு லட்சம், காருக்கு இரண்டு லட்சம் என்று இருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017 உத்தரவுக்குப் பிறகு 2018-இல் உயர்த்தினார்கள். மின்கம்பத்திலோ சென்டர் மீடியனிலோ மோதினால் எஸ்டிமேட் போட்டு நோட்டீஸ் வரும். பலர் நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள். மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்குக் காருக்கு 7.5 லட்சம் வரையும் டூவீலருக்கு ஒரு லட்சம் வரையும் பொதுவாக அந்தப் பாலிசியிலேயே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

குற்ற வழக்கில் ஒரு வார்த்தை. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துரலாம்" என்ற பழைய யோசனையை டிரைவருக்கும் ஒருவர் சொல்லியிருந்தார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-வில் அபராதத்தோடு முடிய வழி இருந்தது. புதிய 106(1)-இல் ஐந்து ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். அபராதம் மட்டும் என்ற வாய்ப்பே இல்லை. போதாததற்கு, குற்ற வழக்கில் ஒத்துக்கொண்ட தாளை இழப்பீட்டு வழக்கில் தூக்கிக் காட்டுவார்கள். டிரைவர் வழக்கை எதிர்த்தே நடத்துகிறார். அதில் விடுதலை ஆனாலும் இழப்பீட்டு முடிவை அது கட்டுப்படுத்தாது. உயர்மின் கம்பியில் பேருந்து உரசி எட்டுப் பேர் இறந்த வழக்கில் 1980-லேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைச் சொல்லிவிட்டார். சாலையை மறித்து வண்டியை விட்டவருக்குப் பொருந்தும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவுக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். அந்தப் பிரிவைக்கூட டிப்பர் டிரைவர் மீது சேர்க்கவில்லை.

மிச்சம், லாரிக் கணக்கு. டிப்பர் உரிமையாளர் பின்பக்கச் சேதத்துக்கு 90,000 கேட்டார். பூ வண்டியின் பங்கான 40 சதவீதம், 36,000 கிடைத்தது. மீதி அவர் பாடு.

டிப்பரின் காப்பீட்டு நிறுவனம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போயிருக்கிறது. டிரைவரும் 2018 தீர்ப்பைக் காட்டி, தன் 40 சதவீதத்தை நீக்கக் கேட்டு எதிர் ஆட்சேபம் போட்டிருக்கிறார். குற்ற வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடக்கிறது. அங்கே அரசுத் தரப்பு முதல் சாட்சி, அந்த டிப்பர் டிரைவர்.